கீழொலிப் பெட்டி: தெரிதலும் அமைத்தலும்

இசையைக் கேட்பதற்குக் கோயில் வீதிக்கும் சபைக்கும் சென்ற காலம் ஒன்றிருந்தது. 1925 ஆம் ஆண்டு டிசெம்பர் 16 ஆந் திகதி கொழும்பு வானொலி ஒலிபரப்பைத் தொடங்கிய பின்னர், இசை மெல்ல மெல்ல வீட்டுக் கூடத்துக்குள் வந்து சேர்ந்தது. இன்று அது மேலும் ஓரடி நெருங்கி மாணவனது படிப்பு மேசைக்கே வந்துவிட்டது. கணினியின் இருமருங்கும் இரண்டு சிறிய ஒலிபெருக்கிகள். அவற்றுக்கு மூன்றடி தூரத்திலே கேட்பவரின் செவி. இவ்வாறு மிக அண்மையிலிருந்து கேட்கும் முறையை ஈண்டு மேசைக் கேட்டல் என வழங்குவோம்.

இம்முறையிலே நன்மைகள் பலவுள. செவி ஒலிபெருக்கிக்கு அண்மையில் இருத்தலால், அறையின் எதிரொலி குறைந்து நேரொலி மிகுந்து கேட்கும். குரலின் நுணுக்கமும் வீணையின் கமகமும் தெளிவுறும். ஆயின், ஒரு பெருங் குறையும் உண்டு. மேசைமேல் வைக்கத்தக்க சிறு பெட்டி தாழ்ந்த சுரங்களைத் தரமாட்டாது. மிருதங்கத்தின் வலந்தலை கணீரென ஒலிக்க, இடப்பக்கத்துத் தொப்பி ஊமையாகிவிடும். வட இலங்கைச் சங்கீத சபையின் பரீட்சைக்கு ஆயத்தஞ் செய்யும் மாணவன், ஆசிரியரைக் காணாத நாட்களில் ஒலிப்பதிவையே துணையாகக் கொள்கின்றான். அவன் செவிக்குத் தொப்பி எட்டாதாயின், அவன் கற்பது பாதி மிருதங்கமே. வலக்கை தேற இடக்கை தேறாது போகும்.

இக்குறையை நீக்குங் கருவியே, சப்வூபர் எனக் கடைகளில் விற்கப்படும் கீழொலிப் பெட்டியாகும். அதனை வாங்கப் போவோர் எத்தனை அங்குலம், எத்தனை உவாற்று என வினவுகின்றனர். எங்கே வைப்பது என வினவுவோர் சிலரே. சிறிய அறையில் மேசையருகே இருந்து கேட்போர்க்குப் பெட்டியின் பருமனைக் காட்டிலும் அது வைக்கப்படும் இடமே முதன்மையானது என்பதை இக்கட்டுரையில் விளக்க முயல்வோம்.

கீழொலியின் இயல்பு

ஒரு செக்கனில் நிகழும் அதிர்வுகளின் எண்ணிக்கையை மீடிறன் என்பர். அதனை அளக்கும் அலகு ஏட்சு. மனிதச் செவி ஏறத்தாழ 20 ஏட்சு முதல் 20,000 ஏட்சு வரையுள்ள ஒலிகளைக் கேட்க வல்லது. பழந்தமிழ் இசைநூலார் ஒலியை மெலிவு, சமன், வலிவு என மூன்று தானங்களாக வகுத்தனர். ஒரு தானத்திலிருந்து அடுத்த தானத்துக்கு ஏறும்போது மீடிறன் இருமடங்காகும். விஞ்ஞானப் பட்டதாரியாகவும் விளங்கிய விபுலாநந்த அடிகளார் 1947 இல் வெளிவந்த யாழ் நூலிலே இத்தகைய கணக்குகளைக் கொண்டே பழந்தமிழிசையை ஆராய்ந்தார் என்பது மாணவர் அறியத்தக்கது.

நாம் கேட்கும் இசையிலே எந்த ஒலி எவ்வளவு தாழ்ந்தது? ஒரு கட்டைச் சுருதியிற் பாடும் ஆடவரது ஆதார சட்சம் ஏறத்தாழ 131 ஏட்சு. அவருக்குச் சுருதி கூட்டிய தம்புராவின் மந்தர சட்சத் தந்தி அதிற் பாதியாகிய 65 ஏட்சு அளவில் அதிரும். திரையிசையில், இளையராஜாவின் பாடல்களிலே தனித்துக் கேட்கும் பேஸ் கிற்றாரின் தடித்த தந்தி 41 ஏட்சு. பியானோவின் கடைக்கோடிக் கட்டை 27.5 ஏட்சு. ஆகவே, நமது இசையின் பெரும்பகுதியைக் கேட்க 40 ஏட்சு வரை இறங்கும் பெட்டி போதும். 20 ஏட்சு வரை இறங்கும் பெட்டிகள் திரைப்படங்களில் வரும் வெடியோசைக்கும் இடியோசைக்குமே பெரிதும் வேண்டப்படுவன.

மிருதங்கத்தைப் பற்றி இங்கு ஒருசிறிது கூறல் வேண்டும். வலந்தலையில் இடப்படும் கருஞ்சாந்து அத்தோலின் மேற்றொனிகளை ஒழுங்குபடுத்தி, நரம்புக் கருவிக்குரிய இனிமையைத் தோற்கருவிக்கு அளிக்கின்றது என்பதைச் சர் சி. வி. இராமன் 1920 இலும் 1934 இலும் வெளியிட்ட ஆராய்ச்சிகளால் உலகறியச் செய்தார். இடப்பக்கத்துத் தொப்பியிலோ நீர் விட்டுக் குழைத்த ரவை அப்பப்படுகின்றது. அதன் நிறை தோலைப் பளுவாக்க, ஒலி தாழ்ந்து முழங்குகின்றது. உள்ளங்கையை அழுத்தி நகர்த்தும்போது பிறக்கும் கும்கி, அத்தாழ்ந்த ஒலி வழுக்கிச் செல்வதன் விளைவே.

சிறு ஒலிபெருக்கியிலும் தொப்பியின் சாயல் ஓரளவு கேட்கின்றதே எனச் சிலர் வினவக்கூடும். அடிச்சுரம் இல்லாதவிடத்தும் அதன் மேற்றொனிகள் இருப்பின், செவி அடிச்சுரத்தைத் தானே ஊகித்து நிரப்பிக்கொள்ளும். தம்புரா சிறு பெட்டியிலும் தம்புராவாகக் கேட்பது இதனாலேயே. ஆயினும் ஊகம் ஊகமே. சுரம் இன்னதெனத் தெரியும். அதன் கனமும் கையழுத்தத்தின் ஏற்றத்தாழ்வும் தெரியமாட்டா.

சிறு பெட்டி ஏன் இயலாதது?

ஒலிபெருக்கியின் கூம்பு முன்னும் பின்னும் அசைந்து காற்றைத் தள்ளுகின்றது. ஒரே வன்மையுள்ள ஒலியைத் தருதற்கு, மீடிறன் பாதியாகுந்தோறும் கூம்பு நான்கு மடங்கு தூரம் அசைதல் வேண்டும். 160 ஏட்சிலே அரை மில்லிமீற்றர் அசைந்த கூம்பு, 40 ஏட்சில் அதே ஒலியைத் தர 8 மில்லிமீற்றர் அசைய வேண்டும். நான்கங்குலக் கூம்புக்கு இது இயலாத காரியம். கூம்பு அகன்றால் அசைவு குறையும். விட்டம் இருமடங்காயின் பரப்பு நான்கு மடங்காம். கீழொலிக்கெனத் தனிப் பெட்டி வேண்டியதன் காரணம் இதுவே.

செவியும் இதற்கு உடந்தை. தாழ்ந்த ஒலிகளை உணர்வதிற் செவி மந்தமானது என்பதை 1933 இல் பிளெச்சர், மன்சன் என்னும் இருவர் அளந்து காட்டினர். 2003 இல் வெளியான சர்வதேச நியமத்தின்படி, 1,000 ஏட்சுள்ள ஓரொலி 40 தெசிபெல்லிற் கேட்கும் அளவுக்கு, 50 ஏட்சுள்ள ஒலி கேட்க வேண்டின் அது ஏறத்தாழ 78 தெசிபெல் இருத்தல் வேண்டும். இரவில் மெதுவாக வைத்துக் கேட்கும்போது முழவொலி முதலில் மறைவது இதனாலேயே.

அறையின் குணம்

கீழொலியை அளிப்பதிற் பெட்டிக்கு உள்ள பங்குக்கு அறையின் பங்கு குறைந்ததன்று. ஒலி செக்கனுக்கு ஏறத்தாழ 1,130 அடி செல்லும். எனவே 1,000 ஏட்சு ஒலியின் அலைநீளம் ஓரடிக்குச் சற்று மேல். 80 ஏட்சு ஒலியினது 14 அடி. 40 ஏட்சு ஒலியினது 28 அடி. அறையினும் நீண்ட அலை அறைக்குள்ளே எவ்வாறு நடந்துகொள்ளும்? சுவரில் மோதித் திரும்பிய அலையும் எதிர்வரும் அலையும் கூடி நின்ற அலையாகும். சில இடங்களில் ஒலி திரண்டு முழங்கும். சில இடங்களில் ஒன்றையொன்று அழித்து அடங்கிவிடும்.

மலையகத்துத் தோட்ட லயன்களிலே பத்தடிக்குப் பன்னிரண்டடி என்பது நாம் நன்கறிந்த அளவு. நகரத்து வீடுகளிலும் மாணவரது அறை பெரும்பாலும் இவ்வளவினதே. கூரை ஒன்பதடி உயரமெனக் கொள்வோம். 565 என்னும் எண்ணை அடிக்கணக்கிலுள்ள நீளத்தால் வகுத்தால் அவ்வறையின் முதற் பரிவு மீடிறன் கிடைக்கும். பன்னிரண்டடிக்கு 47 ஏட்சு. பத்தடிக்கு 56 ஏட்சு. ஒன்பதடிக்கு 63 ஏட்சு. இம்மூன்றும் தொப்பியும் பேஸ் கிற்றாரும் ஒலிக்கும் எல்லையிலேயே வந்து விழுகின்றன. இதனாலேதான் ஒரு சுரம் அறையதிர ஒலிக்க, அடுத்த சுரம் காணாமற் போகின்றது. பெட்டி கெட்டுவிட்டது என எண்ணி அதனைக் கடைக்குத் திருப்பிக் கொண்டு செல்வது வீண், முழங்குவது அறையே.

நின்ற அலையின் முதற் பரிவிலே சுவரோரங்களில் அமுக்கம் மிகும். நடுவில் அஃது இல்லாதொழியும். ஆகவே அறையின் மையத்தில் அமர்ந்து கேட்பது கூடாது. பெட்டியை மூலையில் வைத்தால் மூன்று பரிவுகளும் ஒருங்கே தூண்டப்பட்டு ஒலி பெருகும். பெருகுதல் வேறு, சீராதல் வேறு. முழக்கத்தை நல்ல ஒலியெனக் கொள்வோர் மூலையையே விரும்புவர். தாளத்தைப் பிரித்தறிய விரும்புவோர் அதனைக் கடைசி இடமாகவே கொள்ளுதல் நன்று.

முட்டைத் தட்டுகளையும் மெல்லிய பஞ்சுப் பலகைகளையும் சுவரில் ஒட்டினால் இக்குறை தீருமென்பது பரவலான நம்பிக்கை. அவை உயர்ந்த ஒலிகளை ஓரளவு உறிஞ்சும். கீழொலிக்கு அவை ஒரு பொருட்டல்ல. உறிஞ்சும் பொருள் நன்கு பயன்பட அலைநீளத்திற் காற்பங்கு தடிப்பம் வேண்டும். 40 ஏட்சுக்கு அது ஏழடி. எனவே சிறிய அறைக்காரர்க்கு எளிதிற் கைகூடும் மருந்து, பெட்டியையும் இருக்கையையும் தக்க இடத்தில் வைத்தலே.

தெரிதல்

கேட்பவர் மூன்றடிக்குள் இருப்பதால், எட்டங்குலக் கூம்புடைய பெட்டியே மேசைக் கேட்டலுக்குப் பெரிதும் போதுமானது. இடமும் பொருளும் வாய்த்தோர் பத்தங்குலம் கொள்ளலாம். பன்னிரண்டு அங்குலம் பெரிய கூடத்துக்கே உரியது.

பெட்டிகள் இருவகைப்படும். முற்றும் அடைத்த பெட்டி ஒன்று. துளையுள்ள பெட்டி மற்றொன்று. எட்கார் வில்சர் என்பார் 1954 இல் அமெரிக்காவில் வெளிப்படுத்திய பெட்டி, அடைத்த காற்றையே வில்லாகக் கொண்டு சிறிய உருவத்தில் ஆழ்ந்த ஒலியைத் தரலாம் எனக் காட்டியது. துளைப் பெட்டியின் கணக்கை அவுஸ்திரேலியாவில் தீல் என்பார் 1961 இலும், சிமோல் என்பார் அதன் பின்னரும் வகுத்தனர். துளைப் பெட்டி அதே பருமனில் வன்மை மிகுந்தது. ஆயின், தன் எல்லைக்குக் கீழே அதன் ஒலி செங்குத்தாக வீழும். அடைத்த பெட்டியின் ஒலி மெதுவாகச் சரியும். சுவர்கள் நெருங்கிய சிறிய அறை அச்சரிவை ஓரளவு ஈடுசெய்யும். அடித்த கணத்தில் எழுந்து அடுத்த கணத்தில் அடங்க வேண்டிய மிருதங்கத்துக்கு அடைத்த பெட்டியே பொருந்தும். காலருகே வைக்கும்போது துளையிலிருந்து எழும் காற்றின் சீறலும் இதில் இல்லை.

வாங்குமுன் நான்கினை நோக்குக. ஒலியளவைத் திருத்துங் குமிழ், மேலெல்லை மீடிறனைத் திருத்துங் குமிழ், அவத்தையை மாற்றும் ஆளி என்பன பெட்டியில் இருத்தல் வேண்டும். சிறிய ஒலிபெருக்கிகளுக்குக் கீழொலியை நீக்கி அனுப்பும் வெளிவாய் இருப்பின் மிக நன்று; கீழொலிச் சுமை நீங்கிய சிறு கூம்பு குரலைத் தெளிவாகத் தரும். கூம்பின் விளிம்பு இறப்பராக இருத்தல் வேண்டும். பஞ்சு விளிம்பு நமது ஈரக்காற்றிற் சில ஆண்டுகளில் உதிர்ந்துபோகும். இறுதியாக, கம்பியின்றி இணையும் பெட்டிகளில் ஒலி தாமதமாக வரக்கூடும் என்பதை அறிக. செக்கனின் ஆயிரத்தில் ஒரு பங்கு தாமதம், பெட்டியை ஓரடிக்கு மேல் அப்பால் நகர்த்தியதற்குச் சமனாகும்.

வைக்கும் இடம்

முதலில் மேசையை அறையின் குறுகிய சுவரோரமாக, அகலத்தின் நடுவில் இடுக. கேட்பவரின் தலை அச்சுவரிலிருந்து மூன்றடியில் அமையும். மையத்தில் அமரும் குற்றம் இதனால் நீங்கும்.

பின்னர் பெட்டியை மேசையின் அடியில், இரு ஒலிபெருக்கிகளுக்கும் இடைப்பட்ட நேர்கோட்டில் நிலத்தில் வைக்க. இதனாற் பயன் மூன்று. முதலாவது, பெட்டி செவிக்கு அருகில் உள்ளது. தூரம் பாதியாகுந்தோறும் நேரொலி ஏறத்தாழ 6 தெசிபெல் கூடும். எனவே அதே ஒலியைக் காற்பங்கு வலுவுடன் பெறலாம். இரண்டாவது, அகலத்தின் நடுவில் வைத்த பெட்டி அகலத்துக்குரிய 56 ஏட்சுப் பரிவைத் தூண்டாது. அதே சமயம் அம்மீடிறனிற் பெட்டியின் நேரொலி செவிக்கு எட்டும். மூன்றாவது, ஒலி பக்கத்திலிருந்து வருவதாகத் தோன்றாது. 80 ஏட்சுக்குக் கீழே திசையை அறிவது செவிக்கு அரிதாயினும், அதற்கு மேற்பட்ட மேற்றொனிகள் பெட்டியின் இடத்தைக் காட்டிக் கொடுத்துவிடும். நேர்கோட்டில் வைத்தால் அக்குற்றம் தெரியாது.

பெட்டி மேசைக் காலைத் தொடலாகாது. தொட்டால் மேசையே மற்றொரு கூம்பாகிப் பேனாவும் பென்சிலும் தாளம் போடத் தொடங்கும். பெட்டியின் அடியில் தடித்த இறப்பர்த் துண்டுகளை இடுக.

மேசையடியில் இடமில்லாதோர், அல்லது அங்கு வைத்தும் ஒலி சீராகாதோர், பின்வரும் உபாயத்தைக் கைக்கொள்க. ஒலி பிறக்கும் இடத்தையும் கேட்கும் இடத்தையும் தம்முள் மாற்றினாலும் கேட்கும் அளவு மாறாது என்பது எல்ம்கோல்ட்சு, இறேலி ஆகியோர் நிறுவிய விதி. எனவே பெட்டியைக் கேட்பவரது நாற்காலியின் மீது வைத்து, கீழ்ச்சுரங்கள் ஒவ்வொன்றாக ஏறிச் செல்லும் ஒலிப்பதிவை ஒலிக்கச் செய்க. பின்னர் நிலத்திலே தவழ்ந்து, பெட்டி வைக்கக்கூடிய இடந்தோறும் செவியைத் தாழ்த்திக் கேட்க. எச்சுரமும் மிகாமலும் குறையாமலும் கேட்கும் இடமே பெட்டிக்குரிய இடம். வீட்டார் நகைப்பரேனும், விலையுயர்ந்த கருவி எதுவுமின்றிச் செய்யத்தக்க சோதனை இது. அளவு மைக்குரோபோன் உடையோர் ரூம் ஈக்யூ விசார்ட் என்னும் இலவச மென்பொருளைக் கொண்டு இதனை வரைபடமாகவே காணலாம்.

இணைத்தல்

நான்கங்குல ஒலிபெருக்கிகளுடன் சேர்க்கும்போது மேலெல்லையை 80 முதல் 100 ஏட்சு வரையிலும், ஐந்தங்குலத்துக்கு 60 முதல் 80 ஏட்சு வரையிலும் வைத்துத் தொடங்குக.

அடுத்தது அவத்தை. இரு கருவிகளும் சந்திக்கும் மீடிறனில், உதாரணமாக 80 ஏட்சிலே, ஒரு தனிச்சுரத்தை ஒலிக்கச் செய்க. இருக்கையில் அமர்ந்துகொண்டு, அவத்தை ஆளியை இரு நிலைகளிலும் மற்றொருவரைக் கொண்டு மாற்றுவிக்க. எந்நிலையில் ஒலி மிகுகின்றதோ அந்நிலையே சரியானது. மற்றைய நிலையில் இரு கருவிகளும் ஒன்றையொன்று அழிக்கின்றன என்பது பொருள். ஒலிபெருக்கிகளிலும் ஏழடி தொலைவிற் பெட்டியை வைத்தோர்க்கு, அத்தூரம் 80 ஏட்சின் அரை அலைநீளமாதலால், இவ்வழிவு எளிதில் நேரும்.

கடைசியாக ஒலியளவு. இதற்கு மூன்று சோதனைகள் போதும். செய்தி வாசிக்கும் ஆடவரது குரலைக் கேட்க. அது பானைக்குள்ளிருந்து பேசுவது போலிருந்தால் மேலெல்லையைத் தாழ்த்துக. பேஸ் கிற்றார் தெளிந்த ஒரு திரைப்பாடலைக் கேட்க. சுரங்கள் படிப்படியாக ஏறியிறங்க வேண்டும், ஒன்று மட்டும் துருத்திக்கொண்டு நிற்றல் ஆகாது. பின்னர் ஒரு தனியாவர்த்தனத்தைக் கேட்க. தொப்பியும் வலந்தலையும் ஒரே மிருதங்கத்திலிருந்து எழ வேண்டும், ஒன்று மேசைமேலும் மற்றொன்று மேசையடியிலும் இருத்தலாகாது. பெட்டி ஒலிப்பது தெரியாமலும், அதனை நிறுத்தியதும் இழப்புத் தெரிந்தும் இருப்பதே சரியான அளவு.

எமது நாட்டு மின்சாரம் 50 ஏட்சு மாறல் ஓட்டமாதலால், இணைப்பிற் குறையிருப்பின் அம்மீடிறனிலே ஓயாத இரைச்சல் எழும். சிறு ஒலிபெருக்கி மறைத்த இதனைக் கீழொலிப் பெட்டி வெளிப்படுத்திவிடும். கணினியையும் பெட்டியையும் ஒரே சுவர்ச்செருகியிலிருந்து இயக்கினாற் பெரும்பாலும் இது தணியும். எவ்விதத்தும் புவித்தொடுப்புக் கம்பியை வெட்டலாகாது, அஃது உயிர்க்காவல். இடிமுழக்கம் கேட்டவுடன் செருகியைக் கழற்றிவிடுதல் மலைநாட்டார்க்கு நான் முந்தி நீ முந்தி என்று செய்யத்தக்க பழக்கம்.

அயலாரும் செவியும்

மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலின் மாசிமகத் தேர்த்திருவிழாவிலே ஐந்து தேர்கள் வீதிவலம் வருகின்றன. தேருக்கு ஒரு தெரு அப்பால் நிற்போர்க்கு நாதசுரத்தின் நுண்ணிய பிருகாக்கள் மங்கித் தவிலின் தொப்பி முழக்கம் கேட்பதுண்டு. நீண்ட அலை கட்டடங்களை வளைந்து கடந்து செல்வதே காரணம். வீதியிலே இறைவன் வரவை அறிவிக்கும் அவ்வியல்பே, அறைக்குள் அயலாரது உறக்கத்தைக் கெடுப்பதாகும். மீடிறன் பாதியாகுந்தோறும் ஒரு சுவர் தடுக்கும் ஒலி ஏறத்தாழ 6 தெசிபெல் குறைகின்றது. பாட்டைத் தடுத்த சுவர் முழவைத் தடுக்காது. ஒரே சுவரை இரு குடும்பங்கள் பங்கிடும் லயன்களிலும், இடைச்சுவர் கூரை வரை எழும்பாத வீடுகளிலும் இது பன்மடங்காகும். விடியுமுன் எழுந்து மலைக்குச் செல்லும் தாயொருத்தி அச்சுவருக்கு அப்பால் உறங்குகின்றாள். பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளையொன்று விழித்திருக்கின்றது.

பொதுவிடங்களில் ஒலிபெருக்கிப் பாவனைக்கு இரவு 10 மணி முதற் காலை 6 மணி வரை அனுமதி வழங்கலாகாதென 2007 இல் எமது நாட்டு உயர் நீதிமன்றம் பணித்தது. வீட்டினுள்ளும் அந்நேர எல்லையை நாமே விதித்துக்கொள்ளல் நற்குடிமைக்கு அழகு. பெட்டியை அருகில் வைத்தோர்க்கு இதிலும் ஒரு நன்மை: தமக்கு வேண்டிய ஒலியைப் பெற்றுக்கொண்டே அறைக்குள் விடும் வலுவைக் குறைக்கின்றனர். இரவில் அதுவும் மிகையாயின் காதிற் பொருத்தும் கருவியை நாடுக.

தம் செவியையும் மறத்தலாகாது. உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் 2019 இல் வெளியிட்ட நியமம், வளர்ந்தோர்க்கு 80 தெசிபெல் அளவில் வாரத்துக்கு 40 மணித்தியாலங்களையே எல்லையாக வகுத்தது. 3 தெசிபெல் கூடுந்தோறும் அந்நேரம் பாதியாகும். போன செவி மீளாது.

வெளிநாடுகளில் வாழும் எம் பழைய மாணவர் பலர், ஊரிலுள்ள தம்பி தங்கையர்க்கு இத்தகைய பெட்டிகளை அன்புடன் வாங்கி அனுப்புகின்றனர். அவர்க்கு நாம் கூறக்கூடியது இதுவே: பெரியதை அனுப்புதலினும் பொருந்துவதை அனுப்புக, பெட்டியுடன் அதனை வைக்கும் வகையையும் எழுதி அனுப்புக. மாணவர்க்குக் கூறக்கூடியது, வாங்கிய பெட்டி சிறிதாயினும் ஒரு மாலைப்பொழுதைச் செலவிட்டு அதற்குரிய இடத்தைத் தேடுக என்பதே. அவ்விடம் வாய்த்துவிடின், தொப்பியின் ஒவ்வோர் அழுத்தமும் மாணவனது இடக்கைக்குப் பாடமாகும். சுவருக்கு அப்பால் உறங்குவோர் அதனை அறியவும் மாட்டார்.